அரம் பட்ட காசு

சச்சிதானந்தன் அந்தக் காசைப் பஞ்சு விரித்த ஒரு மோதிரப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியைக் கைலேஞ்சியால் சுற்றி, கோட்டின் உள்பைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டு, பதினொரு மாடியையும் படியால் ஏறி வந்திருந்தார். ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணில் அந்தக் கட்டடத்து லிப்ற் நினைத்த இடத்தில் நின்றுவிடும். சரித்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதற்குள் மாட்டுப்பட அவர் தயாராக இல்லை. ரம்ஸியா கதவைத் திறந்தபோது அறுபத்திரண்டு வயது மனிதர் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். கண்கள் மட்டும் பளபளத்தன.

"தங்கச்சி, முதல்ல தண்ணி," என்றார். "பிறகு சரித்திரம்."

தண்ணீரைக் குடித்து முடித்து, சாப்பாட்டு மேசையில் பெட்டியை வைத்துத் திறந்தார். பஞ்சின் நடுவே பச்சை படிந்த சின்னக் காசு ஒன்று. ஒரு பக்கத்தில் படுத்திருக்கும் மாடு, மேலே பிறை, கீழே 'சேது' என்று இரண்டு எழுத்து. மறுபக்கத்தில் நிற்கும் ஓர் ஆள். யாழ்ப்பாண அரசர்கள் அடித்த சேதுக்காசு இப்படித்தான் இருக்கும் என்பது அங்கே பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படித்த எவருக்கும் தெரியும். ரம்ஸியாவுக்கு அதைவிடக் கொஞ்சம் கூடவே தெரியும்.

"எங்க எடுத்தனீங்கள் அண்ணை?"

"ஸ்காபரோ பிளவ்ஸ் பீச்சில. போன ஞாயிறு விடியக்காத்தால. ஒரு அடி மணலுக்குக் கீழ." அவர் குரலைத் தாழ்த்தினார், பக்கத்து வீட்டுக்காரருக்குத் தமிழ் தெரியும் என்பதுபோல. "உது என்னெண்டு விளங்குதோ? ஒன்ராறியோ வாவிக்கரையில யாழ்ப்பாண அரசற்ற காசு! வெள்ளைக்காரன் வாறதுக்கு முன்னம் எங்கட ஆக்கள் இஞ்ச வந்திட்டினம். இனி எவன் எங்களைப் பாத்து நேற்று வந்தனீங்கள் எண்டு சொல்லுவான்?"

ரம்ஸியாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அந்தக் கடைசி வரியைக் கேட்டதும் சிரிப்பு பாதியில் நின்றது. அந்த மனிதர் ஊரில் நில அளவைத் திணைக்களத்தில் பெரிய உத்தியோகம் பார்த்தவர். இங்கே ஒரு அலுவலகக் கட்டடத்தின் வாசலில் செக்கியூரிற்றிச் சட்டை போட்டுக்கொண்டு, உள்ளே போகிற பொடியன்களுக்குக் கதவு திறந்துவிடுகிறார். போன குளிர்காலத்தில்தான் மண்ணுக்குள் உலோகம் தேடுகிற ஒரு மெற்றல் டிடெக்ரர் வாங்கினார். பனி கரைந்த நாளிலிருந்து வாவிக்கரையில் கயிறு கட்டி, சதுரம் சதுரமாகப் பிரித்து அளந்து தேடுகிறார். மன்னாரில் புறப்பட்ட தோணி மொன்றியல் பக்கத்து ஆற்றுப் பாய்ச்சலை எப்படி ஏறியது என்று அவரைக் கேட்க எவருக்கும் மனம் வரவில்லை. கேட்டிருந்தாலும் அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார்.

வந்த காரியத்தைச் சொன்னார். அவர் தலைவராக இருக்கிற மரபுக் குழு ஜூன் எட்டாம் திகதி, சனிக்கிழமை, ஸ்காபரோவில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் கண்காட்சி வைக்கிறது. நடுவில் கண்ணாடிப் பெட்டி. அதற்குள் இந்தக் காசு. ஆங்கிலப் பத்திரிகையிலிருந்தும் ஒருவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார். கண்டெடுத்தவர் தானே சாட்சி சொன்னால் எடுபடாது. விஷயம் தெரிந்த இன்னொருவர் பார்த்து 'இது அசல்' என்று ஒரு கடிதத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். ரொறன்ரோத் தமிழருக்குள் டிடெக்ரர் வைத்திருக்கிற இன்னொரு ஆள் ரம்ஸியாதான்.

"உங்களுக்கும் ஒரு மேசை போட்டிருக்கு," என்றார். "நீங்கள் மூண்டு வருசமாய்ப் பொறுக்கின சாமானெல்லாம் வையுங்கோ. போர்ட்டும் எழுதியாச்சு." பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்துக் காட்டினார். வெள்ளை அட்டையில் நீல எழுத்து: ரம்ஸியா மஸூர், யாழ்ப்பாணம்.

ரம்ஸியா அந்தப் போட்டோவைக் காசைப் பார்த்ததைவிட நெடுநேரம் பார்த்தாள்.

இந்த நகரத்துக்கு வந்து ஐந்து வருடம். எந்தத் தமிழ் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் ஒரு கேள்வி காத்திருக்கும். எந்த ஊர்? யாழ்ப்பாணம். இல்லை, சொந்த ஊர்? யாழ்ப்பாணம்தான். அட, தமிழ் நல்லாக் கதைக்கிறீங்களே! பாட்டனுக்குப் பாட்டன் பிறந்து செத்த ஊரின் பேரை அவள் சொல்ல, கேட்பவர் அதை ஏதோ அவள் வாங்கிய இரவல் சட்டையைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார். தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில் யாழ்ப்பாணத்துச் சோனகதெருவில் ஆயுத இயக்கத்தார் ஒலிபெருக்கியில் சொன்னார்கள், இரண்டு மணித்தியாலத்தில் முஸ்லிம்கள் எல்லோரும் போய்விட வேண்டும் என்று. போனார்கள். அதன் பிறகு அந்தப் பேரை அவளோடு சேர்த்து ஒருவரும் எழுதியதில்லை. இதுதான் முதல் தடவை. நீல எழுத்தில், கொட்டை கொட்டையாக. அவளுக்கு அது வேண்டும் என்றிருந்தது. வெட்கமில்லாமல், பசித்தவளுக்குச் சோறு வேண்டும் என்பதுபோல வேண்டும் என்றிருந்தது.

"காசைத் தாங்கோ, பாப்பம்," என்று யன்னலடிக்குக் கொண்டுபோனாள்.

ரம்ஸியா வேலை செய்வது கார்லோ வீதிப் பக்கத்தில் ஒரு பழைய செங்கல் கட்டடத்தில். சாவிக்கொத்து, பதக்கம், சங்கங்களின் சின்னம் என்று சின்னச் சின்ன உலோகச் சாமான்கள் வார்க்கிற பக்ரறி. மாதிரியை றபரில் பதித்து அச்சு எடுத்து, வெள்ளீயக் கலவையை உருக்கி ஊற்றி, மேலே செப்பு முலாம் பூசுவார்கள். பழுதானதைப் பொறுக்கி எறிவது அவள் வேலை. ஒரு நாளைக்கு ஆயிரம் வார்ப்பு அவள் விரலால் போகும். வேலையிடத்து உருப்பெருக்கிக் கண்ணாடி எப்போதும் அவளது கைப்பையில் கிடக்கும்.

கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். மாட்டின் வயிற்றடியில் ஊசிமுனை அளவு குழிகள், காற்றுக் குமிழி உடைந்த இடம். அடித்த காசில் குமிழி வராது, வார்த்ததில்தான் வரும். விளிம்பைச் சுற்றி மெல்லிய ஒரு கோடு, அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த இடம். எழுத்துகளின் ஓரம் சப்பிய மிட்டாய்போல மழுங்கியிருந்தது. ஓரிடத்தில் பச்சையும் செம்பும் உரிந்து அடியில் சாம்பல் நிறம் தெரிந்தது. உச்சியில் ஒரு மொட்டு. ஏதோ வளையம் இருந்து முறிந்த தடம்.

பிறகு காசைச் சாய்த்தாள். மாட்டின் திமிலுக்கு நேரே, விளிம்பில், சாய்வாக ஒரு கீறல்.

அந்தக் கீறலை அவள் கண்ணை மூடிக்கொண்டு தடவியே சொல்லுவாள். அது எந்த அரசன் போட்டதும் அல்ல. பழைய உலோகம் வாங்கி விற்ற அவளது வாப்பா போட்டது. கைக்கு வருகிற எந்தச் செம்பானாலும் விளிம்பில் அரத்தால் ஒரு இழுப்பு இழுத்து, உள்ளே நிறம் ஒன்றா என்று பார்த்துவிட்டுத்தான் தராசில் போடுவார். ஒரு முறை சேதுக்காசு ஒன்றும் அந்தக் குவியலோடு வந்து, பழக்கத்தில் அரம் பட்டுவிட்டது. பிறகுதான் அது என்னவென்று கண்டு, மகளிடம் கொடுத்தார். அந்தக் காசு இப்போது அவளது அலுமாரியில், துவாய்களுக்குக் கீழே கிடக்கிறது.

தொண்ணூற்றிரண்டில் ஒரு பழைய மாணவர் சங்கம், கோடைகால ஒன்றுகூடலில் கொடுக்க முந்நூறு சாவிக்கொத்து வேண்டுமென்று பக்ரறிக்கு வந்தது. மாட்டுக் காசு மாதிரி வேண்டும். ஆனால் அவர்களிடம் இருந்தது ஒரு மங்கலான போட்டோப் பிரதி. தெரியாத மாடு ஒன்றை முதலாளி வரையப் பார்த்தார். அது ஆடாகி, பிறகு நாயாகியது. பொறுக்க மாட்டாமல் ரம்ஸியா தன் காசைக் கொண்டுவந்து கொடுத்தாள். அதையே றபரில் பதித்து அச்சு எடுத்தார்கள். முதலாளி ஒரு போர்த்துக்கீசர். யாழ்ப்பாண அரசைப் பிடித்து முடித்ததும் போர்த்துக்கீசர், அதன் காசை ரொறன்ரோவில் திரும்ப வார்த்ததும் ஒரு போர்த்துக்கீசர் என்று அவள் அப்போது வீட்டில் சொல்லிச் சிரித்தாள். அந்த ஒன்றுகூடல் நடந்த இடம் பிளவ்ஸ் பீச்.

"அண்ணை," என்றாள், திரும்பி வந்து இருந்து. "சொல்லக் கஷ்டமாத்தான் கிடக்கு. இது வார்த்த சாமான். நாலு வருசத்துக்கு முந்தி எங்கட பக்ரறியில செய்தது. பிக்னிக்கில ஆரோ துலைச்சிருக்கினம்."

அவர் கோபப்படவில்லை. சிரித்தார். அதுதான் கஷ்டமாக இருந்தது. குமிழியைக் காட்டினாள்: உப்பு அரித்தது என்றார். வாவியில் உப்பில்லை என்றாள்: அப்படியானால் கடலில் வரும்போது அரித்தது. சாம்பல் நிறத்தைக் காட்டினாள்: வெள்ளி கலந்து அடித்த விசேஷக் காசு, அரசனுடைய கப்பலுக்கென்றே அடித்தது. மொட்டைக் காட்டினாள்: கொடிமரத்தில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். காதலித்துக் கட்டியவன் பெண்சாதியின் சமையலைப் புகழ்வதுபோல அந்த மனிதர் ஒவ்வொரு பழுதையும் புகழ்ந்தார்.

"இந்தக் கீறல் என்ர வாப்பா போட்டது," என்றாள் கடைசியில். "இருங்கோ, அசலைக் காட்டுறன்." அலுமாரிப் பக்கம் எழும்பினாள்.

"விடுங்கோ தங்கச்சி," என்றார் அவர் பின்னால் இருந்து, அலுத்துப்போன குரலில். "உங்களுக்கு எங்கட சரித்திரம் விளங்காது."

ரம்ஸியாவின் கால் நடுவழியில் நின்றது. உங்களுக்கு, எங்கட. அவர் வேணுமென்று குத்தவில்லை. அது இன்னும் மோசம். வாயில் தானாக வந்தது. அலுமாரியைத் திறக்காமல் திரும்பி வந்தாள்.

"அண்ணை, நான் கையெழுத்து வைக்கமாட்டன்."

"அவசரப்படாதேங்கோ." கடிதத்தை மேசையில் வைத்து, அதன்மேல் பேனையையும் வைத்தார். "வியாழக்கிழமைக்குள்ள தாங்கோ. இல்லாட்டி..." யன்னல் பக்கம் பார்த்தார். "மேசை விஷயம் என்ர கையில மட்டும் இல்லை. குழுவும் ஒண்டு இருக்குத்தானே."

காசைப் பஞ்சில் வைத்து, கைலேஞ்சியில் சுற்றி, திரும்பவும் படியால் இறங்கிப் போனார்.

அன்று பின்னேரம் மஸூர் வேலையால் வந்ததும் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மஸூர் டெலிவரி வான் ஓட்டுகிறவர், அதிகம் பேசமாட்டார். அவர் விட்டுப்போன போட்டோவைக் கையில் எடுத்து, அந்த நீல எழுத்தைத் தானும் நெடுநேரம் பார்த்தார்.

"வச்சிடு ரம்ஸி," என்றார். "உன்ர கையெழுத்தால ஆருக்கு என்ன நட்டம்? ஒரு கிழவன்ர சந்தோசம்."

"பொய்யெண்டு தெரிஞ்சுமோ?"

"ஆறு வருசத்துக்குப் பிறகு கூப்பிடுறாங்கள். கூப்பிடுற நேரம் போகாட்டி, இனிக் கூப்பிடமாட்டாங்கள். எனக்கும் அந்த போர்ட்டுக்குக் கீழ ஒருக்கா நிக்க ஆசையா இருக்கு." எழும்பித் தேத்தண்ணி வைக்கப் போனார்.

ரம்ஸியா பேனையை எடுத்தாள். பொய் சொல்லி என்ன, அவள் அப்படி ஒன்றும் அரிச்சந்திரனுடைய தங்கை இல்லை. வேலைக்கு வராத நாளில் காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறாள். 'ர' என்று எழுதினாள். எழுதிவிட்டு அந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏன் டிடெக்ரர் தூக்கிக்கொண்டு அலைகிறாய் என்று பலர் அவளைக் கேட்டிருக்கிறார்கள். அவளுக்குப் பதில் தெரியும், சொல்வதில்லை. ஊரைவிட்டு வெளியேறிய அன்று வழியில் ஒரு மேசை போட்டிருந்தார்கள். தோட்டைக் கழற்று, காப்பைக் கழற்று, சங்கிலியைக் கழற்று. கழற்றினாள். முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கொட்டச் சொன்னார்கள். இந்தச் செப்புக்காசு விழுந்தது. அங்கே இருந்த பிள்ளை, இருபது வயதுகூட இராது, அதை எடுத்து இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "செம்பு. வைச்சிரு," என்று திருப்பி எறிந்தாள். யாழ்ப்பாணத்து அரசனுடைய காசு! அது இன்னதென்று அந்தப் பிள்ளைக்குத் தெரியவில்லை. வைத்திருக்கத் தெரிந்தவளை ஊரைவிட்டு அனுப்பினார்கள். அன்றிலிருந்து ரம்ஸியாவுக்கு ஒரு வெறி: மண்ணுக்குள் கிடக்கிற ஒவ்வொன்றையும் தோண்டி எடுத்து, கழுவி, இது இன்னது, இன்ன ஆண்டு, இன்னாருடையது என்று சரியாகச் சொல்ல வேண்டும். போத்தல் மூடியானாலும் சரி, விக்ரோறியா ராணியின் பெரிய சதமானாலும் சரி. பொய்யை அசலென்றும் அசலைச் செம்பென்றும் சொல்கிற மேசையில் இன்னொரு தடவை அவள் தலைகுனியமாட்டாள்.

அந்த 'ர'வைக் குறுக்கே வெட்டினாள். கடிதத்தை நாலாக மடித்துக் குப்பை வாளிக்குள் போட்டாள்.

வியாழக்கிழமை பக்ரறியில் முதலாளியிடம் பழைய அச்சைக் கேட்டாள். அந்த மனிதர் எந்த அச்சையும் எறிந்ததில்லை. இலக்கம் போட்டு, தட்டுத் தட்டாக அடுக்கி வைத்திருந்தார். பாற்சொதி நிறத்தில் வட்ட றபர் அச்சு. அதோடு அந்த ஓடரில் பழுதென்று அவளே ஒதுக்கிய ஒன்பது வார்ப்பும் ஒரு பிஸ்கற் ரின்னுக்குள் கிடந்தன. "எதுக்கு?" என்று கேட்டார். "சண்டைக்கு," என்றாள். அவர் சந்தோஷமாகத் தந்தார்.

பின்னேரம் குழுவின் செயலாளர் வேரோனிக்கா ரெலிபோன் எடுத்தாள். அவள் மன்னார்க்காரி, ரம்ஸியாவோடு எப்போதும் அன்பாகப் பேசுகிறவள். "கோவிக்காதேங்கோ ரம்ஸியா. உங்கட மேசையை எடுத்திட்டினம். போர்ட்டையும் தலைவர் கழட்டச் சொல்லிப் போட்டார்."

"நல்லது," என்றாள் ரம்ஸியா. "மண்டபத்துக்கு முன்னால நடைபாதை இருக்கோ?"

"இருக்கு. ஏன்?"

"அது ஸ்காபரோ நகரசபையின்ர. உங்கட குழுவின்ர இல்லைத்தானே?"

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் மஸூர் நின்றார். முகம் கறுத்திருந்தது. "கழட்டிப் போட்டாங்களோ?" என்று கேட்டார். அவள் ஓம் என்றாள். அவர் பல்கனிக்குப் போய், சாமான் அடுக்கிற இடத்திலிருந்து மடக்கு மேசையை இழுத்து, ஈரத்துணியால் துடைக்கத் தொடங்கினார். அன்றைக்குக் கையெழுத்து வை என்று சொன்ன அதே மனிதர்தான். கால் ஆடுகிற மேசை அது. அதற்கு ஒரு அட்டையும் மடித்து வைத்தார்.

சனிக்கிழமை வெயில் நன்றாக எறித்தது. பத்து மணிக்கு மண்டபக் கதவு திறக்கிறபோது, வாசலுக்குத் திரும்புகிற இடத்தில், நடைபாதையின் ஓரத்தில் மேசை தயாராக இருந்தது. அதன்மேல் வெள்ளைத் துணி. ஒரு பக்கம் மூன்று வருடக் கண்டெடுப்புகள்: ஐந்தாம் ஜோர்ஜின் வெள்ளிக்காசு, பெரிய சதங்கள், ஒரு பட்டாளத்துச் சட்டைப் பொத்தான். நடுவில் றபர் அச்சு, அதற்கு முன்னால் ஒன்பது வார்ப்பும் வரிசையாக. தனியே ஒரு சிவப்புத் துணித் துண்டில் அவளது காசு. பக்கத்தில் உருப்பெருக்கிக் கண்ணாடி. மஸூர் பள்ளிவாசலுக்குப் போகிற சேர்ட்டைப் போட்டுக்கொண்டு காவலுக்கு நிற்பதுபோல நின்றார்.

சனம் வந்தது. தமிழ்ச்சனத்துக்கு முன்னால் ஒரு மேசையைப் போட்டுவிட்டு ஒன்றும் விற்காமல் இருந்தால் போதும். என்னவோ ஏதோ என்று பத்துப் பேர் சுற்றி நிற்பார்கள். ரம்ஸியா கத்தவில்லை, சச்சிதானந்தன் என்ற பேரை எடுக்கவுமில்லை. கண்ணாடியை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தாள்.

"அச்சு ஒண்டா இருந்தாலும் கையால அடிச்ச காசு ஒண்டு மாதிரி ஒண்டு இராது," என்றாள். "ஒண்டில பிறை வெளியால போகும், ஒண்டில விளிம்பு வெடிக்கும். இந்த ஒன்பதையும் பாருங்கோ. திமிலுக்கு நேர ஒரு கீறல், எல்லாத்திலயும் ஒரே இடத்தில. அரம் கீறினால் உள்ளுக்கு வரி வரியா இருக்கோணும். இதுகளில மொழுமொழுவெண்டு கிடக்கு. இப்ப என்ர காசைப் பாருங்கோ. வரி தெரியுதோ? இதுதான் தாய். மற்றதெல்லாம் இதைப் பாத்து வாத்தது."

அருள்நாயகம் என்று ஒரு கனத்த மனிதர், பலசரக்குக் கடைக்காரர், கண்ணாடியைக் கண்ணோடு ஒட்டிக்கொண்டு குனிந்தார். நிமிர்ந்து மண்டபத்துக்குள் போனார். ஐந்து நிமிடத்தில் வேர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்தார்.

"உள்ள பெட்டிக்குள்ள கிடக்கிறதிலயும் இருக்கப்பா! அதே கீறல், அதே இடம்!"

அதற்குப் பிறகு ஒருவர் இருவராக, பிறகு கும்பலாக உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருந்தது. ஒருவர் தன் சாவிக்கொத்தையே எடுத்து மேசையில் போட்டார். நாலு வருடமாக அதில் தொங்கிய மாட்டை அவர் ஒரு நாளும் உற்றுப் பார்த்ததில்லை. அதிலும் கீறல் இருந்தது. சனம் சிரித்தது. ரம்ஸியா சிரிக்கவில்லை.

சிரிப்புச் சத்தத்தைக் கேட்டுத்தான் சச்சிதானந்தன் வெளியே வந்தார். கோட்டும் கழுத்துப்பட்டியும் போட்டிருந்தார். சனம் வழி விட்டது.

"இது நல்லாயிருக்கோ தங்கச்சி?" என்றார். "எங்கட நாளைப் பாத்துக் கெடுக்கிறீங்கள். வெள்ளைக்காரப் பத்திரிகை வரப்போகுது. எங்களை நாங்களே காட்டிக் குடுக்கிறதோ?"

"அண்ணை, பொய்யை அவன் கண்டுபிடிச்சால்தான் எங்களுக்கு மானக்கேடு. நாங்களே கண்டுபிடிச்சால் அது எங்கட கெட்டித்தனம்." அவள் கண்ணாடியை நீட்டினாள். "நீங்கள் சேர்வேயர். நாடு முழுக்க அளந்த ஆள். என்ர சொல்லை நம்பவேண்டாம். உங்கட கண்ணால பாருங்கோ."

அவர் வாங்கமாட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். வாங்கினார். பையிலிருந்து சின்ன அடிமட்டம் ஒன்றையும் எடுத்தார். பழக்கம் விடுமா? ஒன்பதையும் அளந்தார், பிறகு அவளது காசை அளந்தார். வார்ப்பெல்லாம் மயிரிழை சின்னன். ஊற்றிய உலோகம் ஆறினால் சுருங்கும். கடைசியாக அவளது காசின் விளிம்பைக் கண்ணாடிக்குள் வைத்து நெடுநேரம் குனிந்திருந்தார். அவருடைய கழுத்துப்பட்டி மேசைத் துணியில் புரண்டது.

நிமிர்ந்தபோது முகம் சுருங்கிப் போயிருந்தது. அவளுக்கு மனம் கேட்கவில்லை. அந்த மனிதர் கதவு திறந்துவிடுகிற கை கொஞ்ச நாள் சரித்திரத்தைப் பிடித்திருந்தது; அதை அவள்தான் விரல் விரலாகப் பிரித்தெடுக்கிறாள். பரிதாபம் இருந்தது. அதற்காக வாயை மூட முடியாது.

"இது..." காசைத் திரும்பவும் சிவப்புத் துணியில் வைத்தார். "இது அசல்தான். இவ்வளவு நல்ல காசு நான் மியூசியத்திலயும் காணேல்லை. எங்கயால வந்தது?"

"சோனகதெருவால. முந்தானை முடிச்சில. தோடு, காப்பு, சங்கிலி எல்லாம் வாங்கினவை. செம்பெண்டு இதை மட்டும் திருப்பி எறிஞ்சவை."

சிரிப்பு நின்றுவிட்டது. வேரோனிக்கா வாசல்படியில் நின்று கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எல்லோருக்கும் தெரிந்த கதைதான். ஆனால் ஒருவரும் ஒருவரிடமும் கேட்டதில்லை.

சச்சிதானந்தன் திரும்பி உள்ளே போனார். போய்விட்டார், இனி வரமாட்டார் என்று மஸூர் நினைத்தார். கொஞ்ச நேரத்தில் அவர் கண்ணாடிப் பெட்டியைத் தானே இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தார். அதற்குள் கிடந்த வார்ப்பை எடுத்து ஒன்பதோடு பத்தாவதாக வைத்தார்.

"பெட்டி வெறுமையாக் கிடக்கு," என்றார். "உங்கட காசை வைப்பம். உள்ள, நடுவில. உங்கட பேரும் யாழ்ப்பாணமும் நான் என்ர கையாலேயே எழுதுறன்."

மஸூர் மூச்சை இழுத்தது அவளுக்குக் கேட்டது. அவள் இவ்வளவு நாளும் ஆசைப்பட்டது முன்னால் நின்றது.

"ஆண்டும் எழுதோணும்," என்றாள். "தொண்ணூறு. அண்டைக்கு என்ன நடந்ததெண்டும்."

"தங்கச்சி, அது... அரசியலாப் போகும். கண்காட்சியில அது வேண்டாமே. ஊர்ப்பேர் காணும்."

"நான் கண்டெடுத்த போத்தல் மூடிக்கே எந்த ஆண்டு, எங்க கிடந்தது, எப்பிடி வந்தது எண்டு எழுதி வச்சிருக்கிறன் அண்ணை. இந்தக் காசு எப்பிடி இஞ்ச வந்தது எண்டு எழுதாட்டி, உங்கட கப்பலில வந்ததெண்டு நாளைக்கு ஆரும் சொல்லுவினம்."

அவர் தன் சட்டைப்பையில் கையை விட்டு, அன்றைக்குக் கடிதத்தின்மேல் வைத்த அதே பேனையை எடுத்து, அவள் பக்கம் நீட்டினார்.

"என்னால எழுத ஏலாது தங்கச்சி," என்றார் மெதுவாக. "நீங்கள் எழுதுங்கோ."

ரம்ஸியா வெள்ளை அட்டையை எடுத்தாள். நின்றபடியே, எவருக்கும் தெரிகிற பெரிய எழுத்தில் எழுதினாள்: சேதுக்காசு. அசல். யாழ்ப்பாணம், சோனகதெரு. 1990 ஐப்பசியில் இரண்டு மணித்தியாலத்தில் ஊரைவிட்டு அனுப்பப்பட்டபோது கொண்டுவந்தது. உரியவர்: ரம்ஸியா மஸூர், அதே ஊர்.

காசைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். சச்சிதானந்தன் பெட்டியை உள்ளே கொண்டுபோகத் தூக்கப் பார்த்தார். அவள் கண்ணாடியின்மேல் கையை வைத்தாள்.

"இல்லை அண்ணை. இஞ்சேயே இருக்கட்டும். உள்ள போற எல்லாரும் இதைத் தாண்டித்தான் போகோணும்."

பத்திரிகைக்காரர் கடைசிவரை வரவில்லை. ஐந்து மணிக்குக் கதவு பூட்டும்வரை சனம் அந்த மேசையைத் தாண்டித்தான் உள்ளே போனது, அதைத் தாண்டித்தான் வெளியே வந்தது. மஸூர் அந்த அட்டைக்குப் பக்கத்தில் அசையாமல் நின்றார். எந்த ஊர் என்று அன்றைக்கு ஒருவரும் அவரைக் கேட்கவில்லை.